முதுகலைப் புராஜெக்ட்டுக்குக் கடற்பஞ்சா? அனுமதிக் கடிதம் முதல் ஸ்பிக்யூல் ஸ்லைடு வரை

விலங்கியல், கடல் உயிரியல் முதுகலையில் கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்குக் கடற்பஞ்சுகளை எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பக்கம் வேலை செய்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். இந்த வேலையில் அறிவியலை விடக் காகிதமும் காலமும்தான் ஆளை அலைக்கழிக்கின்றன. எதை எப்போது செய்ய வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

ஏன் கடற்பஞ்சு? நரம்பு இல்லை, தசை இல்லை, வாய் இல்லை, குடல் இல்லை. ஆனாலும் அது விலங்குதான். அதன் உள்ளறைகளில் வரிசையாக நிற்கும் காலர் செல்கள் (சாட்டை போன்ற இழையும் அதைச் சுற்றிக் கழுத்துப்பட்டை போன்ற வளையமும் கொண்டவை), கொயனோஃபிளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் உயிரியைப் போலவே இருக்கும். விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒற்றைச் செல் உறவு அந்த உயிரிதான். விலங்குகள் எப்படித் தொடங்கின என்ற கேள்விக்குப் போகும் வழிகளில், கல்லூரி ஆய்வகத்தில் சாதாரண மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டே தொடக்கூடியது கடற்பஞ்சு.

1. முதலில் நாட்காட்டி

புராஜெக்ட் ஜனவரியில் தொடங்கும், ஏப்ரலில் முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் அனுமதிக்கு விண்ணப்பித்தால் அறிக்கை தரும் நேரத்தில்தான் பதில் வரும். மூன்று நான்கு மாதம் ஆகும் என்று கணக்கு வைத்து, முந்தைய ஜூன் ஜூலையிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்று துறையில் தள்ளிப் போடுவார்கள். தலைப்பைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், போன மாதங்களை மீட்க முடியாது.

கடலின் நாட்காட்டி வேறு. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகு எதுவும் போகாது, இழுவை வலையில் கடற்பஞ்சும் வராது. வாடைக்காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிப்பு. இரண்டு பக்கமும் ஓரளவு அமைதியாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான். மாதிரி எடுக்கும் வேலையைப் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். மார்ச் முழுவதும் மைக்ராஸ்கோப்புக்கே வேண்டும்.

2. காகிதங்கள்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும் இதில் அடங்கும். இதற்குள் நுழையவும், எதையாவது எடுக்கவும் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். விண்ணப்பம் சென்னைக்குப் போக வேண்டும், ஆனால் ராமநாதபுரத்தில் உள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தின் கருத்து இல்லாமல் அங்கே கோப்பு நகராது. ஆகவே ஒரு பிரதியை ராமநாதபுரத்திலும் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விசாரிக்கப் போகும்போது அந்த முத்திரைத் தேதிதான் பேசும்.

விண்ணப்பத்தோடு இவற்றை வையுங்கள்:

- துறைத்தலைவர் கையெழுத்திட்ட, கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதிய முகப்புக் கடிதம்
- இரண்டு பக்கத்துக்குள் ஆய்வுத் திட்டம், வழிகாட்டி ஆசிரியரின் ஒப்புதலோடு
- எந்த இடம் என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒரு வரைபடம்
- எத்தனை மாதிரி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய துண்டு, எந்தக் கருவியால் எடுப்பீர்கள் என்ற அட்டவணை
- மாதிரிகள் கடைசியில் எங்கே ஒப்படைக்கப்படும் என்ற உறுதி
- கடலுக்குப் போகும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல்

இதில் கோப்பைத் திருப்பி அனுப்ப வைப்பது பெரும்பாலும் அந்த அட்டவணைதான். ‘தேவையான அளவு மாதிரிகள்’ என்று எழுதாதீர்கள். ‘கட்டைவிரல் அளவில் 20 துண்டுகள், தாய் உடலை அப்படியே விட்டுவிட்டு’ என்று எழுதுங்கள். படிக்கும் அதிகாரிக்கு எண் வேண்டும்.

பூங்காவுக்கு வெளியேதானே எடுக்கப் போகிறோம், அனுமதி எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். சுண்ணாம்பாலான ஸ்பிக்யூல் (உடலைத் தாங்கும் நுண்ணிய முள்) கொண்ட கடற்பஞ்சுகள் முழுவதையும் 2001-இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். 2022 திருத்தத்தில் பட்டியல்கள் மாற்றி அமைக்கப்பட்டன. ஆகவே பழைய அறிக்கைகளில் உள்ள பட்டியல் எண்ணைப் பார்த்து எழுதாமல் இப்போதைய சட்டப் பட்டியலைப் பாருங்கள். கையில் இருப்பது சுண்ணாம்பு வகையா, சிலிக்கா வகையா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் தெரியும். அப்போது அது ஏற்கனவே உங்கள் பாட்டிலுக்குள் இருக்கும். எனவே எந்தக் கரையில் எடுத்தாலும் கடிதம் கையில் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு எல்லைகளைக் கவனியுங்கள். பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் கடற்பசு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் வந்த புராஜெக்ட்டுகளைப் பார்த்து அதே இடத்தில் போய் இறங்கிவிடாதீர்கள். இரண்டாவது பவளம். செத்த பவளத் துண்டில் அழகான கடற்பஞ்சு ஒட்டியிருந்தாலும் தொடாதீர்கள். பவளப்பாறை உயிரிகள் முதல் பட்டியலில் உள்ளவை. செத்துக் கரை ஒதுங்கிய துண்டைப் பையில் வைத்திருந்தாலும் வழக்குத்தான்.

இந்தியக் குடிமகன் இந்தியாவிலேயே ஆய்வு செய்யத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. ஆனால் மாதிரியையோ, பிரித்தெடுத்த டி.என்.ஏவையோ வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் சென்னை தரமணியில் உள்ள அந்த ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். புராஜெக்ட் கால அளவுக்குள் அதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

3. பழகுவதற்குச் சிப்பி ஓடு

அனுமதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். மீன் இறங்குதளங்களில் கிடக்கும் சாப்பாட்டுச் சிப்பி ஓடுகளைப் பாருங்கள். சில ஓடுகளில் குண்டூசியால் குத்தியதுபோல் சிறு துளைகள் நெருக்கமாக இருக்கும். ஈரம் காயாத ஓடாக இருந்தால் துளைக்குள் மஞ்சளாக ஏதோ அடைத்திருப்பது தெரியும். அது கிளையோனா, ஓட்டைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் சிலிக்கா வகைக் கடற்பஞ்சு. இடுக்கியால் ஓட்டை உடைத்துப் பார்த்தால் வெளியே தெரிந்த துளைகள் எல்லாம் உள்ளே அறை அறையாக ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அந்த மஞ்சள் திசுவை ஊசி முனையால் நெருடி எடுத்தால் அரிசி மணி அளவு கிடைக்கும். முதல் ஸ்பிக்யூல் ஸ்லைடுக்கு அது போதும். ஒரு முனை கூராகவும் மறு முனை உருண்டைத் தலையோடும் உள்ள ஸ்பிக்யூல்கள் அதில் கொத்துக் கொத்தாக வரும். இதில் கை பழகிய பிறகு புராஜெக்ட் மாதிரிக்குப் போங்கள்.

4. மாதிரி எடுப்பது

இரண்டு வழி உண்டு. நாட்டுப்படகு பேசிக்கொண்டு போய் நீரில் இறங்கி எடுப்பது ஒன்று. விசைப்படகுகள் கரை சேரும்போது சங்காயத்தோடு (வலையில் சேர்ந்து வரும் கழிவு மீன்களோடு) வந்து விழுவதைப் பொறுக்குவது இன்னொன்று. இரண்டாவதில் செலவு இல்லை, ஆனால் எந்த ஆழம், எந்த இடம் என்ற தகவலைப் படகோட்டியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் தினமும் போவதில்லை. எந்த நாள் போகின்றன, மறுநாள் காலை எத்தனை மணிக்குத் திரும்புகின்றன என்று முன்தினமே போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நாட்டுப்படகுக்கு அரை நாள் வாடகை இரண்டாயிரம் மூவாயிரம் கேட்பார்கள். மூன்று நான்கு மாணவர்கள் சேர்ந்து போனால் தாங்கும்.

எந்த வழியானாலும் இவற்றை விடாதீர்கள்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சில இனங்கள் தோலில் நெருப்புப் பட்டதுபோல் எரிச்சல் தரும், சில கண்ணாடிச் சிராய்போல் விரலில் ஏறிவிடும்.

வெட்டும் முன் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நிறம், மேற்பரப்பு, பெரிய துளைகளின் அளவு, அழுத்தினால் மீண்டு வருகிறதா, பிய்கிறதா, சளி வடிகிறதா, என்ன வாடை என்று அங்கேயே குறித்துவிடுங்கள். ஸ்பிரிட்டில் (எத்தனாலில்) போட்ட பிறகு நிறம் போய்விடும். பழுப்புத் துண்டை வைத்துக்கொண்டு அது ஆரஞ்சா ஊதாவா என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டைவிரல் அளவுத் துண்டு போதும், அதில் மேல்தோலும் உள்பகுதியும் இருக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு ஒரு பை. இரண்டை ஒரே பையில் போட்டால் ஒன்றின் ஸ்பிக்யூல் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும், பிறகு மைக்ராஸ்கோப்பில் இல்லாத இனத்தைக் கண்டுபிடிப்பீர்கள்.

5. ஸ்பிரிட், லேபிள்

ஃபார்மலின் வேண்டாம். ஆய்வகத்தில் அதுதான் நிறைய இருக்கும், அதனால்தான் அதை எடுத்து நீட்டுவார்கள். அது நாள்பட்டு அமிலமாகிச் சுண்ணாம்பு ஸ்பிக்யூலைக் கரைத்துவிடும், டி.என்.ஏவும் கெடும்.

95 சதவீத எத்தனாலில் நேரடியாகப் போடுங்கள். துண்டின் கன அளவைப் போல ஐந்து மடங்காவது எத்தனால் இருக்க வேண்டும். கடற்பஞ்சின் உடல் முழுக்கத் தண்ணீர்தான், அந்தத் தண்ணீர் எத்தனாலை நீர்த்துப் போகச் செய்யும். எனவே மறுநாள் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் சோம்பலில் விட்ட மாதிரிகள்தான் இரண்டு வாரத்தில் கூழாகின்றன.

எத்தனாலைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. அது உரிமத்தின் கீழ் விற்கப்படும் பொருள், கல்லூரி தன் ஒதுக்கீட்டில்தான் வாங்கும். எவ்வளவு லிட்டர் வேண்டும் என்று ஆய்வகப் பொறுப்பாளரிடம் செமஸ்டர் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

லேபிளைப் பென்சிலால் எழுதிப் பாட்டிலின் உள்ளே போடுங்கள். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய லேபிள் உரிந்துவிடும்.

6. ஸ்பிக்யூல் எடுப்பது

இதுதான் புராஜெக்ட்டின் உயிர். நிறமும் வடிவமும் ஒரே இனத்துக்குள்ளேயே அலைக்கும் ஆழத்துக்கும் ஏற்ப மாறும். பெயர் சொல்ல வைப்பது எலும்புக்கூடு.

மேல்தோலிலிருந்து அரிசி மணி அளவு ஒரு துண்டு, உள்ளிருந்து ஒன்று, தனித்தனிச் சோதனைக் குழாயில் போடுங்கள். எத்தனால் ஈரம் போகும்வரை காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். அடுத்து ஊற்றப் போகும் ஹைப்போகுளோரைட்டும் (திரவ பிளீச்) ஆல்கஹாலும் கலக்கக் கூடாது. பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை இரண்டு மில்லி ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றாதீர்கள், அதன் சுண்ணாம்பு வண்டல் எல்லாவற்றையும் மூடிவிடும். நுரைத்துக்கொண்டு திசு கரையும். அரை மணியில் முடிவதும் உண்டு, சில மாதிரிக்கு இரவு முழுதும் பிடிக்கும்.

அடியில் வெள்ளைத் தூள் தங்கியதும் மேல்நீரைப் பிப்பெட்டால் எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். இப்படி நான்கு முறை. இங்கே அவசரப்படாதீர்கள். பெரிய ஸ்பிக்யூல்கள் சீக்கிரம் அடியில் இறங்கும். நுண் ஸ்பிக்யூல்கள் சில 10 மைக்ரான், 20 மைக்ரான்தான், அவை நெடுநேரம் மிதக்கும். பத்து நிமிடத்தில் மேல்நீரைக் கொட்டினால் இனத்தைப் பிரித்துக் காட்டும் அந்தக் கொக்கி வடிவங்களும் நட்சத்திர வடிவங்களும் சாக்கடைக்குப் போய்விடும். ஒவ்வொரு அலசலுக்கும் ஓர் இரவு விடுங்கள். ஒரு வாரத்தில் இருபது குழாய்களை வரிசையாக நடத்தலாம்.

நன்றாக அலசியபின் எத்தனாலில் இரண்டு முறை கழுவி, ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டுக் காயவைத்து, டி.பி.எக்ஸ் (ஸ்லைடை நிலைப்படுத்தும் பசை) ஊற்றி கவர் ஸ்லிப் வையுங்கள். ஒரு மாதிரிக்கு ஒரு பிப்பெட், மாற்றிப் பயன்படுத்த வேண்டாம்.

குழாயில் எதுவுமே மிஞ்சவில்லையா? பதற வேண்டாம். குளியல் பஞ்சு வகைகளுக்கு ஸ்பிக்யூலே கிடையாது, ‘ஸ்பாஞ்சின்’ என்கிற புரத நார் மட்டும்தான். அந்த நாரையும் ஹைப்போகுளோரைட் தின்றுவிடும். அதனால்தான் கரைக்கும் முன்பே ஒவ்வொரு மாதிரியிலும் புது பிளேடால் மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒரு மெல்லிய சீவல் எடுத்து வைக்க வேண்டும். ஸ்பிக்யூல்கள் உடலுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் அந்தச் சீவலில் மட்டுமே தெரியும்.

செலவு பெரிதில்லை. ஸ்லைடு, கவர் ஸ்லிப், டி.பி.எக்ஸ், ஹைப்போகுளோரைட், காய்ச்சி வடித்த நீர், பிளாஸ்டிக் பிப்பெட் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

7. சுண்ணாம்பா, சிலிக்காவா

சுத்தமான ஸ்பிக்யூலை மூடாத ஸ்லைடில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். குமிழி விட்டுக் கரைந்தால் சுண்ணாம்பு. அசையாமல் இருந்தால் சிலிக்கா. மூன்று கதிர் வடிவங்கள் நிறைய இருந்தாலும் சுண்ணாம்பு என்றே சந்தேகியுங்கள்.

திசுவைக் கரைக்காத துண்டின் மேலேயே வினிகர் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், உள்ளே சிக்கிய கிளிஞ்சல் பொடியும் குமிழி விடும். ஹைப்போகுளோரைட் மிச்சம் இருக்கும் குழாயில் வினிகரையோ வேறு அமிலத்தையோ விடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய ஆய்வக அறையில் அது உயிருக்கு ஆபத்து.

சுண்ணாம்பு என்று தெரிந்தால் அன்றே வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லி, அனுமதிக் கடிதத்தின் எண்ணோடு பதிவேட்டில் ஏற்றுங்கள்.

8. பெயர் வைப்பது

ஒவ்வொரு ஸ்பிக்யூல் வகையிலும் 25-க்குக் குறையாமல் அளந்து, குறைந்தது, சராசரி, அதிகம் என்று மூன்று எண்ணும் கொடுங்கள். அளக்கும் முன் கண்வில்லை அளவியை ஸ்டேஜ் மைக்ரோமீட்டரோடு (துல்லியமான அளவுகோல் பொறித்த ஸ்லைடு) ஒப்பிட்டுச் சரிபாருங்கள். லென்ஸ் மாறினால் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

உலகக் கடற்பஞ்சுத் தரவுத்தளம் இணையத்தில் இலவசம். 9,000-க்கும் மேற்பட்ட இனங்களின் இன்றைய செல்லுபடியான பெயர்கள் அதில் உண்டு. நம் கடலுக்கான பழைய விவரணைகள் பல, விலங்கியலாளர் ஆர்தர் டெண்டி 1905-இல் இலங்கை முத்துச்சிப்பிப் பாறைகளின் கடற்பஞ்சுகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இருக்கின்றன. அதில் உள்ள பெயர்களில் பல இப்போது மாறிவிட்டன, தரவுத்தளத்தில் சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

பேரினம் வரை உறுதி என்றால் அதோடு நிறுத்துங்கள். தவறான இனப் பெயரை விட, சரியான பேரினமும் நல்ல ஸ்பிக்யூல் படங்களும் பின்னால் வருபவருக்கு அதிகம் உதவும்.

9. உயிரோடு பார்க்க விரும்பினால்

இதற்கு அனுமதிக் கடிதத்தில் தனியாக ஒரு வரி இருக்க வேண்டும், விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். கடற்பஞ்சைக் காற்றில் தூக்காமல், நீருக்குள்ளேயே வாளியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கால்வாய்களில் காற்று புகுந்தால் அந்தப் பகுதி அழுகத் தொடங்கும். ஆய்வகம் கரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் முயல வேண்டாம்.

சின்னத் துண்டைக் கடல்நீரில் நெருடி ஸ்லைடில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். தனியாகப் பிரிந்த காலர் செல்கள் சாட்டையைத் துடிக்கவிட்டபடி சுழலும். எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்தது அந்தக் காட்சியால்தான்.

இன்னொன்றும் செய்யலாம். துண்டை மெல்லிய பட்டுத் துணியில் கட்டி, வடிகட்டிய கடல்நீரில் பிழிந்தால் செல்கள் தனித்தனியாகக் கலங்கி இறங்கும். கண்ணாடித் தட்டில் விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் அவை ஒன்றையொன்று தேடிக் கட்டிகளாகத் திரளும். அமெரிக்க விலங்கியலாளர் எச்.வி. வில்சன் 1907-இல் செய்து காட்டிய சோதனை இது. தனிச் செல்கள் சேர்ந்து உடலாவதற்கு என்ன வேண்டும் என்று கேட்கும் ஆய்வுகள் இன்றும் இதைக் கையாளுகின்றன. எல்லா இனங்களிலும் இது நன்றாக வராது. தட்டில் பாக்டீரியா பெருகும் முன், அன்றிரவே படங்களை எடுத்துவிடுங்கள்.

10. டி.என்.ஏ தேவையா

கட்டாயமில்லை. ஆசிரியர் கேட்டால் மட்டும் செய்யுங்கள். பிரித்தெடுப்பு, பி.சி.ஆர், வரிசைப்படுத்தல் சேர்த்து மாதிரிக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகும். முடிவு வர இரண்டு மூன்று வாரம்.

கடற்பஞ்சின் உடலில் பாக்டீரியா ஏராளம், சில இனங்களில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவைதான். கால்வாய்களில் புழுக்களும் நொறுங்கு நட்சத்திரங்களும் குடியிருக்கும். பல உயிரிகளுக்கும் பொதுவான பிரைமர் (பி.சி.ஆரைத் தொடங்கி வைக்கும் சிறு டி.என்.ஏ துண்டு) போட்டால் அவற்றின் வரிசைதான் கச்சிதமாக வரும். டிசெக்டிங் மைக்ராஸ்கோப்பில் வைத்து, உள்ளே எதுவும் இல்லாத துணுக்கை மட்டும் வெட்டி அனுப்புங்கள். மேலும், இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படும் சி.ஓ.ஐ பார்கோடு மரபணு கடற்பஞ்சுகளில் மிக மெதுவாக மாறுகிறது, பல நேரம் நெருங்கிய இனங்களைப் பிரிக்காது. 28எஸ் என்கிற மரபணுப் பகுதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

வரிசைப்படுத்தும் நிறுவனத்திடம் மாதிரி இந்தியாவுக்குள்ளேயே கையாளப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். சில இடங்கள் ஆர்டரை இங்கே எடுத்துக்கொண்டு மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. அதற்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அறிக்கையின் முன்னுரையில் ‘விலங்குகளில் முதலில் பிரிந்தது கடற்பஞ்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சீப்பு ஜெல்லிகள்தான் முதலில் பிரிந்தன என்பதற்கு ஆதரவாக, குரோமோசோம்களில் மரபணுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கை ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்தக் கேள்வி வரும், இரண்டு தரப்பையும் படித்துவிட்டுப் போங்கள். கிரேட் பேரியர் ரீஃப் கடற்பஞ்சான ஆம்ஃபிமெடானின் மரபணுத்தொகுதி 2010-இல் வெளியானதும், நரம்பே இல்லாத அதில் நரம்பிணைப்புக்கு வேண்டிய மரபணுக்கள் பல இருந்ததும் அதே வைவாவில் கேட்கப்படும்.

11. ஒப்படைப்பு

மாதிரிகளைத் துறை அலமாரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எத்தனால் ஆவியாகிச் சில ஆண்டுகளில் பாட்டிலில் தூள்தான் இருக்கும். சென்னை சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் அளவீட்டுத் துறையின் கடல் உயிரியல் மண்டல மையத்தில் ஒப்படைக்க, முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள். பாட்டில், நிலைத்த ஸ்லைடு, உயிரோடு எடுத்த படம், இட விவரம், அனுமதிக் கடித நகல் ஆகிய ஐந்தும் ஒன்றாகப் போக வேண்டும். பதிவு எண் வரச் சில வாரங்கள் ஆகும். அறிக்கையில் அந்த எண் இடம்பெற வேண்டுமானால் மார்ச் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் அறிக்கையின் பிரதி கேட்டிருப்பார்கள். வைவா முடிந்த வாரமே ராமநாதபுரத்துக்கும் சென்னைக்கும் ஒவ்வொரு பிரதியை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு உங்கள் கல்லூரியிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவரின் கோப்பை எடுக்கும்போது, முந்தைய அறிக்கை வந்ததா என்றுதான் அங்கே முதலில் பார்ப்பார்கள்.